பதினேழாவது குண்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பீரங்கிச் சத்தத்தை எண்ணி எண்ணியே உயிர் பாதியாகிப் போன ஓர் ஆளுநரின் கதையைச் சொல்கிறேன்.

அம்ப்ரோஸ் பென்ஹாலோ முப்பது வருஷம் தீவு தீவாக ஆண்டவர். எல்லாமே கரும்பும் காய்ச்சலும் மண்டிய குட்டித் தீவுகள். அன்றைக்கு வரும் தபால் கப்பலில் பெரிய பதவிக்கான கடிதம் இருக்கும் என்று லண்டனிலிருந்து மைத்துனர் எழுதியிருந்தார். அதனால் சரிகைக் கோட்டும் இறகுத் தொப்பியுமாக, காலையிலேயே படகுத்துறைக்கு வந்துவிட்டார்.

கோட்டின் உள்பையில் ஒரு தாள் இருந்தது. கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்ததாகத் தூக்குத் தண்டனை பெற்ற குவாமினா என்பவனுக்கு மன்னிப்பு வழங்கும் ஆணை; கையெழுத்து மட்டும் பாக்கி. அவன் வைக்கவில்லை என்று பென்ஹாலோவுக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்டால் தோட்ட முதலாளிகள் லண்டனுக்குப் புகார் எழுதுவார்களே! பதவி வரட்டும், அப்புறம் போடலாம் என்று ஆறு மாதமாகச் சுமந்தார். இரண்டு முறை தள்ளிவைத்த தூக்கு, மறுநாள் காலையில்.

கப்பல் தெரிந்ததும் கோட்டையில் பீரங்கி முழங்கியது.

"தபால் கப்பலுக்கு எதுக்குய்யா மரியாதைக் குண்டு?" என்று பென்ஹாலோ தன் செயலாளர் லட்ரெலைக் கேட்டார்.

"ஏதோ கொடி பறக்குதுங்க. பெரிய மனுஷர் யாரோ வர்றாரு."

வருகிறவரின் பதவி உயர உயரக் குண்டின் எண்ணிக்கையும் கூடும் என்பதால் பென்ஹாலோ எண்ணினார். பதிமூன்று. கடற்படைக்காரராக இருக்கும். பதினைந்து. இதோடு நிற்கவேண்டும். பதினாறு. பதினேழு.

பதினேழு குண்டு ஆளுநருக்கு மட்டும்தான். ஆளுநர் இங்கே நிற்கிறாரே! அப்படியானால் கப்பலில் இருப்பது யார்?

பக்கத்தில் நின்ற தோட்ட முதலாளி மோர்டான்ட் மூக்குப்பொடியை உறிஞ்சினார். "காது கேக்குதுங்களா ஐயா? உங்களை மாத்தச் சொல்லி எழுதின எங்க மனு லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு போல."

"மனுவா? நான் உங்களுக்கு என்னய்யா கெடுதல் பண்ணேன்?"

"தூக்கை ரெண்டு வாட்டி தள்ளிவச்சீங்களே, அது போதாதா?"

அதற்குள் கப்பலிலிருந்து படகு இறங்கிவிட்டது.

"லட்ரெல், அந்தாளு எப்போ ஆளுநர் ஆவாரு?"

"சபையில ஆணையைப் படிச்சு, சத்தியம் பண்ணினதுக்கு அப்புறம்தாங்க."

"அதுவரைக்கும்?"

"நீங்கதாங்க."

"மைக்கூட்டை எடு. குனி, முதுகைக் காட்டு!"

செயலாளரின் முதுகில் தாளை விரித்துக் கையெழுத்திட்டார். ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. இதற்கா ஆறு மாதம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, தாளை லட்ரெலின் கையில் திணித்தார்.

"சிறைக்கு ஓடுய்யா. நடக்காதே, ஓடு!"

மோர்டான்ட்டின் பொடி டப்பா கையிலேயே நின்றுவிட்டது. படகிலிருந்து இறங்கிய புது ஆளுநர், பென்ஹாலோவின் மை வழியும் விரல்களை வெறித்துப் பார்த்தார். பென்ஹாலோ இறகுத் தொப்பியைக் கழற்றினார்.

"வாங்க. சபைக்கு மெதுவாவே நடப்போம். எனக்கு முழங்கால் வலி."

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலில் நல்ல சேதியாகவே வந்து இறங்கட்டும். ஓர் உயிருக்குக் கொடுக்க வேண்டியதை அன்றைக்கே கொடுத்துவிடும் கை, உங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கும் தங்கட்டும்.