கிளாவ்சன் கணவாயில் நூறு மீட்டர் பின்னால்

மகளுக்குக் கொடுத்த வாக்கை யெட்ஸ்கே ஒன்பது நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "அம்மா, இந்தப் பயணத்தோட அப்பா வண்டி ஓட்டறதை நிறுத்திடணும். நீதான் பக்குவமா சொல்லணும்" என்று இவர்கள் கிளம்பும்போது நிங்கே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். ரின்ஸுக்கு இடது கண்ணின் ஓரப்பார்வை போய்விட்டது. டாக்டர் அதை நாசூக்காகச் சொன்னார். ரின்ஸ் அதைவிட நாசூக்காக மறந்துவிட்டான். நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவனிடம் சாவியைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஜெர்மனி முழுக்க மழை, அதனால் சொல்லவில்லை. ஏரிக்கரை முகாமில் வெயில் அடித்தது, அவன் சீட்டியடித்துக்கொண்டு இருந்தான், அதனாலும் சொல்லவில்லை.

இப்போது வீட்டுவண்டி கணவாயின் உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஊரிலிருந்தே ஏற்றி வந்த இருபது கிலோ உருளைக்கிழங்கு, இவற்றோடு மோல்கே. மோல்கே கறுப்பும் வெள்ளையுமான பண்ணை நாய். பசுக்களை விற்றுவிட்டுப் பண்ணையை ஒப்படைத்தபோது இவர்களோடு மிஞ்சிய ஒரே ஜீவன் அதுதான்.

மலையே இல்லாத சமவெளியான ஃப்ரீஸ்லாந்தில் பிறந்தவனுக்கு மேடு என்றால் கடல் தடுப்புக் கரைதான். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போக வேண்டும் என்பது ரின்ஸுக்கும் தெரியும். ஆனால் எஞ்சின் அலறுவதை அவனால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. டிராக்டரைக்கூட அலற விடாமல் ஓட்டியவன். அதனால் நாலாவது கியரில் போட்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறக்கினான்.

முதலில் முனகியது மோல்கே.

"ஏதோ கருகுது, ரின்ஸ்."

"கீழ எவனாவது குப்பை எரிப்பான்."

"சுவிட்சர்லாந்துலயா? வண்டியை நிறுத்து, கிழவா!"

நிறுத்தினான். வலது பக்கம் பாறை, இடது பக்கம் ஓரக்கற்கள், அவற்றுக்கு அப்பால் வெறும் காற்று. யெட்ஸ்கே கதவைத் திறந்ததும் நாய் குதித்து வெளியே ஓடி, பாதையோரப் புல்லில் படுத்துக்கொண்டது. முன் சக்கரங்களில் லேசாகப் புகை.

"மோல்கே, ஏறு!" என்றான் ரின்ஸ். பாலாடைக்கட்டியைக் காட்டினான், பிறகு முழு சாஸேஜையே காட்டினான். சாஸேஜைத் தின்றுவிட்டு அது மறுபடி படுத்துக்கொண்டது.

"உன்னைவிட அதுக்குப் புத்தி இருக்கு" என்றாள் யெட்ஸ்கே.

அப்போதுதான் கீழேயிருந்து மூன்று சுரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. வளைவில் மஞ்சள் பஸ் ஒன்று வந்து, மூக்கோடு மூக்கு உரசாத குறையாக நின்றது. அந்தப் பாதையில் மஞ்சள் பஸ் ஓட்டுபவர் சொல்வதுதான் சட்டம். போலீஸ்காரன் வண்டியாக இருந்தாலும் ஒதுங்க வேண்டும். இறங்கி வந்தது ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கட்டையான கழுத்து, சட்டைக் கையை மடித்து விட்டிருந்தாள். குனிந்து சக்கரத்தை முகர்ந்தாள்.

"பிரேக்கைப் பொரிச்சு எடுத்திருக்கீங்க. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா பெடல் தரையைத் தொட்டிருக்கும். யார் ஓட்டினது?"

ரின்ஸின் முகம் சிவந்தது. எழுபத்திரண்டு வயதில் பஸ் நிறைய ஜனம் வேடிக்கை பார்க்க, சிறுபிள்ளை போல நின்றான். அதை யெட்ஸ்கேயால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க" என்றாள்.

"நீங்களா? நல்லா இருக்கு! சமவெளிக்காரங்க எல்லாரும் இப்படித்தான். கியர்னு ஒண்ணு எதுக்கு வச்சிருக்கான், அழகுக்கா?" திட்டி முடித்துவிட்டு மேலே கையைக் காட்டினாள். "நூறு மீட்டர் பின்னால ஒதுங்கற இடம் இருக்கு. எடுங்க. போய் அரை மணி நேரம் ஆற விடுங்க. என்னம்மா பாக்கறீங்க? நீங்கதானே ஓட்டினீங்க, ஏறுங்க."

சொன்ன பொய் அவளையே வண்டியில் ஏற்றிவிட்டது.

அவள் அந்த வண்டியை ஒருநாளும் ஓட்டியதில்லை. விடுமுறையில் கணவன் ஓட்டுவான், மனைவி வரைபடம் பார்ப்பாள், முகாமில் பின்னால் நின்று கையை ஆட்டுவாள். அவர்கள் ஊரில் எல்லாத் தம்பதிகளும் அப்படித்தான், யார் செய்த ஏற்பாடு என்று யாருக்கும் தெரியாது. பண்ணையில் மட்டும் கதை வேறு. வைக்கோல் டிரெய்லரைக் கொட்டகைக்குள் பின்புறமாக நுழைக்க வேண்டுமென்றால் ரின்ஸே அவளைத்தான் கூப்பிடுவான்.

இன்று அவன் நாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான். வா என்கிறானா, நில் என்கிறானா, ஆண்டவனுக்கே வெளிச்சம். யெட்ஸ்கே அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணாடிகளைப் பார்த்தாள். ஒரு கல், அடுத்த கல், அதற்கடுத்த கல். வண்டி வளைந்து ஒதுங்குமிடத்தில் போய் நின்றது. பஸ் கடந்தபோது அந்தப் பெண் கட்டை விரலை உயர்த்தினாள். பயணிகளில் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

யெட்ஸ்கே எஞ்சினை அணைத்தாள். ரின்ஸ் நாயோடு நடந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது, நேராக அவள் பக்கத்துக் கதவுக்குத்தான் வந்தான். ஒன்பது நாளாகச் சொல்லாததை இப்போது சொல்லியே ஆக வேண்டும். ஜன்னலை இறக்கினாள்.

"ரின்ஸ், நான் ஒண்ணு சொல்லணும்..."

"வேண்டாம். நிங்கே உன் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னதைக் கேட்டேன்" என்றான். சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினான். மோல்கே தானாகவே ஏறி அவன் காலடியில் சுருண்டது.

ரின்ஸ் பெல்ட்டை மாட்டிக்கொண்டான். பிறகு அவன் முன்னால் பார்த்தபடியே சொன்னான்:

"இடது பக்கம் அந்தக் கல்லெல்லாம் எனக்குத் தெரியவே இல்ல, யெட்ஸ்கே. ஒண்ணுகூட."

"அய்யோ! அப்புறம் எப்படி இவ்வளவு தூரம் ஓட்டினே?"

"ஓரத்துக்குப் போனா நீ மூச்சை உள்ள இழுப்பே. அந்தச் சத்தம் கேட்டா வலது பக்கம் ஒடிப்பேன். போன வருஷத்துலேர்ந்து அப்படித்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது, பயம் வந்தது, பிறகு அழுகை வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததால் எதைச் செய்வதென்று தெரியாமல் அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அவன் வாங்கிக்கொண்டான்.

அரை மணி கழித்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, இரண்டாவது கியரில் போட்டாள். எஞ்சின் அலறியது. ரின்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டான். முதல் வளைவில், ஓரக்கற்கள் நெருங்கியதும், அவன் 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுத்தான்.

"நீ சும்மா மூச்சு விடு" என்றாள் யெட்ஸ்கே. "எனக்குக் கண்ணு தெரியுது."