திருப்பிக் கேட்ட செய்தி

என் நாத்தனாரின் குரலை நாட்டில் எல்லோருக்கும் தெரியும். முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காய்கறிக் கடையில் அவர் "அரை கிலோ" என்று சொன்னால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அரசு வானொலியில் மதியமும் மாலையும் செய்தி வாசிப்பது அவர்தான். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அவருடைய தம்பியைத்தான் கட்டிக்கொண்டேன். இவர் அரசு பஸ் டிரைவர். அக்காவும் தம்பியும் ஒரே அரசாங்கத்தின் சம்பளத்தில் பிழைத்தார்கள். அக்காவுக்கு வாய் வேலை, தம்பிக்குக் கை வேலை.

பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதும் வீட்டில் நிம்மதி போயிற்று. முதல் நாள் மதியமே அண்ணி வாசித்தார்: "எண்பது சதவீதப் பேருந்துகள் வழக்கம்போல் இயங்குகின்றன." நான் அப்போது பஸ் நிறுத்தத்தில் வெயிலில் வெந்துகொண்டிருந்தேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. பக்கத்தில் நின்ற ஒருத்தி காதிலிருந்த ரேடியோ ஒயரைக் கழற்றி, கேட்டதை என்னிடம் சொல்லிவிட்டு, "மிச்ச இருபது சதவீதமும் நம்ம ரூட்டு போலிருக்கு" என்றாள். சிரித்துவிட்டு இரண்டு பேரும் நடந்தே போனோம்.

செய்தியில் அமைச்சர் எப்போதும் "தெரிவித்தார்". சங்கத் தலைவர் எப்போதும் "குற்றஞ்சாட்டினார்". அமைச்சர் தன் சொந்தக் குரலில் ஆற அமரப் பேசுவார். தலைவர் சொன்னதை அண்ணி ஒரே வரியில் வாசித்து முடித்து வானிலைக்குப் போய்விடுவார். போன ஆட்சியில் சங்கத்துக்கு வேண்டியவர்கள் மந்திரியாக இருந்தபோதும் இதே கதைதான். அப்போது என் வீட்டுக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எதிர் வீட்டு மளிகைக்காரருக்கோ வேறு கோபம். "போராட்டம் போராட்டம்னு ஏன் திரும்பத் திரும்பச் சொல்றாங்க? உங்க நாத்தனார் தம்பிக்காகப் பேசுறாங்கம்மா" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். நிலையத்துக்குப் போன் போட்டும் திட்டினாராம்.

இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் பெருமையாகச் சிரித்தார். "எங்க செய்தி ஆசிரியர் அடிக்கடி சொல்லுவாரு. ரெண்டு பக்கமும் திட்டினா நாம சரியா நடுவுல நிக்கிறோம்னு அர்த்தமாம்."

நடு ரோட்டில் மாடு படுத்திருந்தாலும்தான் இரண்டு பக்கமும் ஹாரன் அடிப்பார்கள். அதற்காக யாரும் மாட்டை நடுநிலை என்று பாராட்டுவதில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.

டிப்போ வாசலில் இவரும் மற்ற ஊழியர்களும் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மதியச் செய்திதான் அங்கே பொழுதுபோக்கு. ஒரு கண்டக்டர் இருந்தார், மொழிபெயர்ப்பு என்று பட்டப்பெயர். அண்ணி ஒரு வரி வாசித்ததும் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அதைத் திருப்பிப் போட்டுச் சொல்வார். "நிலைமை இயல்பாக உள்ளது" என்றால், "ஒரு பஸ்ஸும் ஓடலப்பா, மந்திரிக்கு வேர்க்குது!" "பேச்சுவார்த்தைக்கு இடமில்லை" என்றால், "ரூம்ல நாற்காலி துடைச்சுப் போட்டாச்சு!" பந்தலே அதிரும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னது பலமுறை பலித்தது. பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று வாசித்த அன்றே தலைவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அதன் பிறகு யாரும் செய்தியை நேராகக் கேட்கவில்லை. சாப்பாடு கொண்டுபோன நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. "நாளை காலை பத்து மணிக்குள் பணிக்குத் திரும்பாத ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்படுவார்கள். புதிய ஓட்டுநர்கள் தயார் நிலையில் உள்ளனர்."

மொழிபெயர்ப்பு துள்ளி எழுந்தார். "பத்து மணிக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடக் கூப்பிடப் போறாங்க! புது ஆளு ஒருத்தனும் கிடைக்கல!" எல்லோரும் கை தட்டினார்கள். இவரும் தட்டினார். நான் மட்டும் தட்டவில்லை.

சாயங்காலச் செய்தி முடிந்த கையோடு அண்ணி வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "தம்பி, நாளைக்கு வேலைக்குப் போயிடு. இது நிஜம்."

"எது நிஜம்?"

"ஆர்டர்ல கையெழுத்து ஆயிடுச்சுடா. புது டிரைவருங்க வந்துட்டாங்க. அவங்க பேட்டியை இன்னைக்கே எங்க ஸ்டுடியோவுல பதிவு பண்ணிட்டாங்க. 'பஸ் ஓட்டுறது பெருமையா இருக்கு'ன்னு பேசியிருக்காங்க. நாளைக்கு மதியம் போடப் போறாங்க."

இவர் சிரித்தார். "நாளைக்கு ஓட்டப்போற பஸ்ஸுக்கு இன்னைக்கே பெருமைப்பட்டுட்டாங்களா? இதை நான் நம்பணும்?"

"நான் என் கண்ணால பார்த்தேன்."

"எண்பது சதவீதம் பஸ்ஸையும் உன் கண்ணாலதான் பார்த்தியா?"

இவர் நாற்காலியை இழுத்து அக்காவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். குரலில் கிண்டல் போய்விட்டது. "அக்கா, ஒண்ணு கேக்குறேன். ரேடியோவுல வேண்டாம், இங்கேயே சொன்னாப் போதும். நாம மூணு பேர்தான் இருக்கோம். இத்தனை நாள் நீ படிச்சது பொய்னு சொல்லு. சொன்னா இதை நம்புறேன். நாளைக்குக் காலைல முதல் ஆளா வேலைக்குப் போறேன்."

ஒரே ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரரின் வேலை முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லிடுங்க அண்ணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அண்ணியின் உதடு அசைந்தது. ஆனால் வந்தது வேறு. "நான் எழுதுறவ இல்லடா. எழுதிக் குடுக்கிறதைப் படிக்கிறவ. நிலையம் நிலையத்துக்கு வந்த தகவலைத்தான் சொல்லுது."

"இதையும் அப்படித்தான் சொல்றே" என்று இவர் எழுந்து போனார்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. நாட்டுக்கே பேசுகிற வாய்க்குச் சொந்தத் தம்பிக்காக ஒரு வார்த்தை வரவில்லை. இரவெல்லாம் நான் இவரிடம் அழுதேன், கெஞ்சினேன். "உனக்குத் தெரியாது, பயமுறுத்திப் பார்க்கிறாங்க" என்றதோடு சரி.

மறுநாள் இவர் பந்தலுக்குத்தான் போனார். பத்து மணி வந்தது, போனது. கையெழுத்துப் போட யாரும் கூப்பிடவில்லை. டிப்போ கேட் திறந்து பஸ்கள் வெளியே வந்தன, ஸ்டியரிங்கில் முன்பின் தெரியாத முகங்கள். மூன்றாவது பஸ்ஸின் படிக்கட்டில், தோளில் பையோடு நின்றவர் மொழிபெயர்ப்பு. விடியற்காலையில் பின் வாசல் வழியாகப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பந்தல் பக்கம் அவர் திரும்பவில்லை. ஊருக்கெல்லாம் திருப்பிச் சொன்ன மனிதர் தனக்கு மட்டும் செய்தியை நேராகக் கேட்டிருக்கிறார்.

இவருக்கு வேலை போயிற்று. ஓய்வூதியம் போயிற்று. கோர்ட்டுக்குப் போகலாம் என்று சங்கத்தில் சொன்னார்கள். சொன்னவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன் எடுப்பதை நிறுத்தினார்கள்.

ஒரு வாரம் கழித்து, மதியச் செய்தி முடித்து அண்ணி வந்தார். இவர் கூடத்தில் கைலியோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"பொய்தான்டா. எண்பது சதவீதம் பொய். நிலைமை இயல்புன்னதும் பொய். படிக்கும்போதே எனக்குத் தெரியும். எனக்கும் வேலை போயிடும்னு பயந்துதான் அன்னைக்குச் சொல்லல. உன்கிட்ட சொல்லிட்டா அப்புறம் அங்கே போய் வாயைத் திறக்க முடியாதுன்னு பயந்தேன்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன். இவர் மட்டும் அக்காவை நிதானமாகப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, பந்தலில் சிரித்த அதே சிரிப்பு.

"நல்லாப் படிக்கிறேக்கா. இதை யாரு எழுதிக் குடுத்தாங்க?"

அண்ணியின் அழுகை அப்படியே நின்றது. அவர் சத்தியம் செய்யவில்லை, சண்டை போடவில்லை. செய்து என்ன ஆகப்போகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து முகம் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டு, என்னிடம்கூடச் சொல்லாமல் புறப்பட்டார். மாலைச் செய்திக்கு நேரமாகிவிட்டது.

மளிகைக்காரர் வீட்டு ரேடியோவில் அவர் குரல் வந்தது. வணக்கம் சொன்னார், தலைப்புச் செய்திகள் வாசித்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்தக் குரலில் ஒரு பிசிறு இல்லை.