சொல்லிவிட்டுத்தான் போனாள்

டாக்டர் தினமும் நடக்கச் சொன்ன பிறகுதான் செம்மாங்கரட்டுக்கு ஒரு பாதை வேண்டும் என்று சித்ரகலாவுக்குத் தோன்றியது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு அவள் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷமாக நின்றபடியே வேலை பார்த்ததில் சர்க்கரைதான் மிச்சம். ரோட்டில் நடக்கலாம் என்றால் லாரியும் தூசியும். ஊரைத் தாண்டிப் பத்து கிலோமீட்டரில் அந்தக் கரடு சும்மா கிடந்தது. ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் ஏறாத, முள் மண்டிய குன்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளோடு அரிவாள் எடுத்துக்கொண்டு வந்தவள் ஒருத்திதான். அதே கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் விஜயகுமாரி. இரண்டே வருஷத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். பஞ்சாயத்தில் அனுமதி வாங்கி, அறக்கட்டளையாகப் பதிவும் செய்தார்கள். நல்லூரில் நிட்டிங் மெஷின் வைத்திருந்த அர்த்தநாரி தலைவர், சித்ரகலா செயலாளர். விஜயகுமாரிக்குப் பதவி எதுவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. ஆனால் பாதை எங்கே திரும்ப வேண்டும், கல்லை எந்தப் பக்கம் சாய்த்துப் பதிக்க வேண்டும் என்று வந்தால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். சரிவைப் பார்த்தாலே தண்ணீர் எப்படி இறங்கும் என்று சொல்லிவிடுவாள். பார்த்தது போதாமல், மழை பெய்யும்போதே தலையில் ஒரு பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஏறிப்போய்ப் பார்ப்பாள்.

மூன்று கிலோமீட்டர், ஏழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கல்வரிசை. மழைத் தண்ணீர் பாதையோடு ஓடி மண்ணை அறுக்காமல், அதை ஓரமாக வெளியே திருப்பிவிடுவதற்காக அது.

ஐப்பசியில் ஒரு பெரிய கம்பெனி, தன் தொழிலாளர்கள் இருநூறு பேரை அந்தப் பாதையில் நடக்கக் கூட்டி வருவதாகச் சொன்னது. கலெக்டர் ஆபீசிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்றார்கள். அதற்கு முந்தின ஞாயிறு, வேலைக்குப் பதினாறு பேர்தான் வந்திருந்தார்கள். அடிவாரத்தில் வரவேற்பு வளைவு வைக்கக் குழி தோண்ட வேண்டும், ஓரக் கற்களுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், போர்டு நட வேண்டும். விஜயகுமாரி மேலேயிருந்து இறங்கி வந்து சித்ரகலாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, அஞ்சாவது வளைவுல குறுக்குக் கல்லு தூக்கீருச்சுங்க. தண்ணி கல்லுக்கு அடியில பூந்து போவுது. பிரிச்சுத்தான் கட்டோணும்."

"எத்தனை பேரு வேணும்?"

"எட்டுப் பேரு, ஒரு நாளு. வேற வழி இல்லீங்க."

சித்ரகலா குழியைப் பார்த்தாள். பெயிண்ட் டப்பாவைப் பார்த்தாள்.

"இந்த ஒரு வாரம் ஓட்டீரலாம் விஜயா. நிகழ்ச்சி முடியட்டும், அடுத்த வாரம் அது ஒண்ணுதான் வேலை."

"மழை வந்துருச்சுன்னா?"

"வராது, விடு."

விஜயகுமாரி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கல்லுக்கு வெள்ளை அடிக்கப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. ராத்திரி விஜயகுமாரியிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, சனிக்கிழமை ஷிஃப்டுக்கு முந்தி வெடியால போயி அந்த வளைவப் பாத்துட்டு வந்தர்றனுங்க. கடப்பாரை எடுத்துட்டுப் போறேன். யாராவது ஒருத்தரைத் தொணைக்கு அனுப்புனா நல்லாருக்கும்." சித்ரகலா அதைக் கேட்டபோது ஒரு கையில் விருந்தாளிகள் பட்டியல் இருந்தது. 'சரி விஜயா, பார்' என்று தட்டி அனுப்பினாள். துணைக்கு யாரிடமும் சொல்லவில்லை. மறந்துபோனாள் என்பதுதான் உண்மை.

சனிக்கிழமை காலை, ஐந்தாவது வளைவு விஜயகுமாரியின் காலடியிலேயே சரிந்தது. ஆடு ஓட்டி வந்த சின்னான்தான் முனகல் கேட்டு, பதினைந்தடி கீழே கற்களுக்கு நடுவில் கிடந்தவளைப் பார்த்தார். வலது கணுக்கால் மூன்று இடத்தில் முறிந்திருந்தது.

நிகழ்ச்சி நின்றுபோனது. பாதையை ஏன் மூடக்கூடாது என்று பஞ்சாயத்திலிருந்து எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அர்த்தநாரி நேராகச் சித்ரகலாவின் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அவங்களாத்தானுங்க போனாங்க? அப்படியே எழுதிக் குடுத்துருங்க. இல்லீன்னா ரெண்டு வருசப் பாடும் போச்சு. நாப்பது பேரு ஒழைச்சதுங்க."

அந்தக் குரல் செய்தியைப் பற்றி அவருக்குத் தெரியாது. சித்ரகலா அதைச் சொல்லவும் இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினாள்: 'மேற்படி உறுப்பினர் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காமல், தன்னிச்சையாகத் தனியே சென்றதால் விபத்து நேர்ந்தது.' பாதையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தாள்.

அந்த வரி எப்படியோ பத்திரிகைக்குப் போய்விட்டது. இரண்டு நாளில் கம்பெனி கேன்டீனில் பேச்சு கிளம்பியது. விடிந்தும் விடியாத நேரத்தில், யாரிடமும் சொல்லாமல், ஒரு பொம்பளை தனியாகக் கரட்டுக்கு எதற்குப் போனாள்? தனியாகத்தான் போனாளா? பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். சித்ரகலா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தாள். எழுந்து நின்று, என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை அவள் டிபன் பாக்ஸ் கழுவுவதில் கழித்தாள்.

பத்தாம் நாள்தான் நல்லூரில் விஜயகுமாரியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த மோகன்ராஜ், மனைவியைப் பார்க்க வந்தவளை உள்ளே வாங்க என்று சொல்லாமல் ஒதுங்கி மட்டும் நின்றார். விஜயகுமாரி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் பத்திரிகை மடித்தபடி கிடந்தது.

"காலுக்கு நான் ஆரையும் குத்தம் சொல்லலீங்க அக்கா. மண்ணு சரிஞ்சுது, உழுந்தேன். ஆனா நாஞ் சொல்லீட்டுத்தானே போனேன்?"

"ஆமா."

"இவரு எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க. கேட்டிருந்தாக்கூடப் பரவால்ல."

மோகன்ராஜ் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். சித்ரகலா போனை எடுத்து அந்தக் குரல் செய்தியைப் போட்டாள். விஜயகுமாரியின் குரலே அந்த அறையில் கேட்டது, கடப்பாரை, துணைக்கு ஒருத்தர். அது முடிந்த பிறகும் மோகன்ராஜ் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

"இதை மொதல் நாளே போட்டிருக்கலாமுங்களே" என்றார்.

அடுத்த ஞாயிறு அறக்கட்டளைக் கூட்டத்தில் சித்ரகலா எல்லோர் முன்னாலும் அதைப் போட்டுக் காட்டினாள். வளைவைக் கட்ட வேண்டாம் என்று தள்ளிப்போட்டது நான், துணைக்கு ஆள் அனுப்பாதது நான், பொய் எழுதினதும் நான் என்றாள். அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். செயலாளர் பொறுப்பை விட்டாள். பஞ்சாயத்துக்கு மறுகடிதம் கொடுத்தாள்; வாங்கி ஃபைலில் வைத்தார்கள். பத்திரிகைக்கும் ஒன்று அனுப்பினாள். அது வரவேயில்லை. கேன்டீனில் தானே போய் மேஜை மேஜையாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் முதலில் கேட்ட கதைதான் அவர்களுக்கு ருசியாக இருந்தது.

மறுகடிதத்தின் படத்தை விஜயகுமாரிக்கு அனுப்பியபோது ஒரே வரியில் பதில் வந்தது: 'பாத்தேங்க மேடம்.' நான்கு வருஷப் பழக்கத்தில் அவள் மேடம் என்று சொன்னதில்லை, கம்பெனிக்குள்கூட.

பாதையை மூடவில்லை. கார்த்திகையில் எட்டுப் பேர் சேர்ந்து, ஒரே நாளில், ஐந்தாவது வளைவை அடியோடு பிரித்துக் கட்டினார்கள். கல் சுமந்தவர்களில் சித்ரகலாவும் ஒருத்தி. எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

விஜயகுமாரிக்கு எலும்பு கூடியது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை. வலது காலால் மெஷின் பெடலை மிதிக்க முடியாமல் ஓவர்லாக்கை விட்டுவிட்டு, வேலம்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறாள். தை மாதம் ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஏறிய சித்ரகலா, ஜன்னலோரம் அவள் இருப்பதைப் பார்த்தாள். விஜயகுமாரி ஊன்றுகோலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டாள்.

"கால் எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க."

அதற்குப் பிறகு கேட்க நிறைய இருந்தது. பஸ் இரண்டு ஸ்டாப் போனது. விஜயகுமாரி சிரமப்பட்டு எழுந்தபோது சித்ரகலா கையை நீட்டினாள். அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள்.