இரண்டு காதிலும் தம்பி

தெருவே அவளைப் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடும். போன மாதம் யாரோ அவள் அம்மாவுக்குப் போன் செய்து, வெளியூரில் லாரி ஓட்டும் தம்பியின் குரலில் அழுதார்கள். விபத்தாம், போலீஸ் பிடித்துவிட்டதாம். பணம் வாங்க வீட்டுக்கு வந்த ஆளிடம் அம்மா வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். தம்பி பாடிப் போட்ட வீடியோக்களை வைத்துக் கம்ப்யூட்டர் செய்த குரல் அது என்று பிறகுதான் தெரிந்தது.

வளையல் போனதைக்கூட அக்கா தாங்கிக்கொண்டாள். அதன்பின் நிஜத் தம்பி பேசினாலே அம்மா நடுங்கினாள். அதைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஒரு மத்தியானம் டீச்சரம்மாவின் தலைக்கு டை பூசிக்கொண்டிருந்தபோது, புது நம்பரிலிருந்து போன்.

"அக்கா... ஆக்சிடெண்ட் ஆயிடுச்சுக்கா... காப்பாத்துக்கா..."

அச்சு அசல் தம்பி. அவளே நம்பியிருப்பாள். கடைப் போனை எடுத்துத் தம்பியின் நம்பரை அடித்தாள்.

"சொல்லுக்கா, சாப்பிட்டுட்டு இருக்கேன்."

ஒரு காதில் தம்பி அழுதான், இன்னொன்றில் மென்றுகொண்டிருந்தான். கடைப் போனை வைத்துவிட்டு அவளும் அழுகையை வரவழைத்தாள்.

"ஐயோ, என் தங்கமே! பணத்துக்கு எங்கடா போவேன்? கழுத்துச் சங்கிலிதான் இருக்கு. கடைக்கு ஆள் அனுப்பு."

"சரிக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதே."

டீச்சரம்மாவிடம் சொன்னாள். அவர் போலீசிடம் சொன்னார்.

போலீஸ் வருவதற்கு முன்பே ஒல்லியாக ஒருவன் வந்து நின்றான். "தம்பி அனுப்பிச்சாருங்க."

"உட்காரு, எடுத்துட்டு வரேன்."

உட்கார்ந்தான். அவள் ஷட்டரை இழுத்துவிட்டு வந்து அவன் காதோரம் கத்தரிக்கோலை வைத்தாள். டை வழியும் தலையோடு டீச்சரம்மா அவன் தோளை அமுக்கினார்.

"எங்கம்மா வளையல் எங்கடா?"

"வித்துட்டாங்கக்கா... நான் வாங்கிட்டுப் போறவன்தான்... குரல் பண்றது வேற ஆளுங்கக்கா..."

"என்னை அக்கான்னு கூப்பிடாதே!"

முடி வெட்டும் மெஷினை எடுத்தாள். நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே இழுப்பு. பிறகு ஒரு புருவம். அவன் கண்ணாடியைப் பார்த்துத் தேம்பினான். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

வந்து சேர்ந்த போலீஸ்காரர் அவனைப் பார்த்துத் திகைத்தார். "என்னம்மா இது?"

"என் தொழில் சார்."

அவன் போனை வைத்தே குரல் செய்த இருவரும் பிடிபட்டார்கள். வளையல் மட்டும் வரவில்லை. இப்போது யார் அழுதாலும் அம்மா போனை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த நம்பரில் திருப்பி அழைக்கிறாள். தம்பியே எடுத்தாலும், நீதானா என்று இரண்டு தரம் கேட்கிறாள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா பல்லைக் கடிக்கிறாள். "இன்னொரு புருவத்தையும் எடுத்திருக்கணும்."