மெர்வ் எதற்குச் சிரித்தார்

கெரின் பால் டப்பாவை அப்படியே தூக்கி இரண்டு மடக்கு குடித்தாள். கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"பால் நல்லாத்தான் இருக்கும்மா."

"நல்லாப் பாரு. கப்புல திரிஞ்சு போயி வெள்ளை வெள்ளையா மிதந்துச்சு."

இருவரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். மோட்டார்ஹோமின் பின்பக்கத்தில், திரைக்கு அப்பால், அப்பா மெர்வ் படுத்திருந்தார். காலையில் வந்த நர்ஸ் மெர்வின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதயம்தான், இது இரண்டாவது முறை அல்லவா என்று சொல்லி, தாளில் இறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போனாள். அவரை எடுத்துப்போகக் கேத்தரின் நகரத்திலிருந்து இரண்டு மணிக்கு வண்டி வரும். அதே கேத்தரினில்தான் கெரின் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டு இரண்டு மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு வந்தவளிடம் அம்மா அழவில்லை. கதவைத் தாழ் போட்டாள், அடுப்புக்குக் கீழே இருந்த ஓவனைத் திறந்தாள், உள்ளேயிருந்து பாதி தேநீரோடு ஒரு கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நர்ஸ் கண்ணுல படாம ஒளிச்சு வெச்சேன்."

"எதுக்கும்மா?"

"நான் போட்ட டீ அது."

வீட்டை விற்றுவிட்டு ஐந்து வருடமாக இந்த வண்டியிலேயே ஊர் ஊராக ஓடும் அந்த வாழ்க்கையில் காலைத் தேநீர் மெர்வின் வேலை. இன்றைக்கு மட்டும், நெஞ்சில் வாயு பிடித்த மாதிரி இருக்கிறது, நீ போடு என்று சொல்லியிருக்கிறார். அம்மா நோலீன் போட்டுக் கொடுத்தாள்.

"ஒரு வாய்தான் குடிச்சாரு. மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. கப்பைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாருடி. தோளு குலுங்கக் குலுங்க. 'ஐயோ நோலீன்'னாரு. சிரிப்பு நின்னுச்சு. நான் கப்பை வாங்கிட்டுத் திரும்பிப் பாக்குறேன், ஆளு இல்ல."

கெரின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நெஞ்சு வலிக்கிறவரு எதுக்குச் சிரிக்கணும்? நான் என்னத்தையோ கலந்துட்டேன். அது என்னன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்குத்தான் தெரியல."

நோலீனுக்கு மோப்ப சக்தி போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை. காஸ் கசிந்தாலும் மெர்வ்தான் சொல்ல வேண்டும்.

கெரின் கோப்பையை முகர்ந்தாள். புளிப்பாக ஏதோ இருந்தது. சர்க்கரை டப்பாவில் விரலை விட்டு நக்கினாள். சர்க்கரைதான். தேயிலையைக் கிள்ளி வாயில் போட்டாள். அம்மா ஒவ்வொன்றுக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள், முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு.

கடைசியாகக் கெட்டிலின் மூடியைத் திறந்தாள்.

உள்ளே அடித்தகடு பளபளத்தது. கெரின் குனிந்து இன்னொரு முறை பார்த்தாள். இந்தக் கெட்டிலின் அடியை அவள் ஒருநாளும் கண்டதில்லை. சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் தண்ணீர் இந்தப் பக்கத்தில். எதில் கொதித்தாலும் உப்பு படியும். கெட்டிலுக்குள் விரல்நகத் தடிமனுக்கு வெள்ளைக் காரை பூசியிருக்கும். இன்று அது உரிந்து, முட்டை ஓடு போலச் சில்லு சில்லாகக் கிடந்தது.

"அம்மா, கெட்டிலைச் சுரண்டினியா?"

"எனக்கு வேற வேலை இல்ல?"

கெரின் குழாயைத் திருகினாள். பம்பு உறுமியது. குழாய் இருமி, இரண்டு தடவை துப்பிவிட்டு, நூல் போல ஒழுகியது. ஒழுகிய தண்ணீரில் நொய் மாதிரி வெள்ளைத் துகள்கள். உள்ளங்கையில் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். சின்ன வயதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வாங்கிவரும், வினிகர் தெளித்த வறுத்த மீன் பொட்டலத்தின் வாசனை அடித்தது.

"இதோ வரேன்" என்று இறங்கினாள்.

வண்டிகள் நிறுத்தித் தங்கும் அந்தப் பூங்காவில், அடுத்த வண்டிக்கு முன்னால் மடக்கு நாற்காலியில் ஆர்ச்சி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. தொப்பி மடியில் இருந்தது. காலையிலிருந்து உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே இருந்திருக்கிறார் போல. ஊருக்கு ஊர் மெர்வோடு தண்ணீரைப் பற்றிச் சண்டை போட்டவர். மெர்வ் தன் குழாயில் ஒரு நீல ஃபில்டர் மாட்டியிருந்தார். அது உப்பையும் எடுத்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. மணலைத்தான் எடுக்கும், கரைந்த உப்பை எடுக்காது என்பது ஆர்ச்சியின் கட்சி.

"அங்கிள், அப்பா டாங்க்ல வினிகர் ஊத்தினாரா?"

ஆர்ச்சி எழுந்து நின்றார். "யாரு சொன்னது?"

"தண்ணி சொல்லுது."

"நேத்து சாயங்காலம் வந்தான், பொண்ணே. சும்மா காத்து வாங்க வந்தவன் மாதிரி. நூறு லிட்டர் டாங்குக்கு எவ்வளவு வினிகர் ஊத்தணும்னு ஒரு ஃபிரெண்டு கேக்கச் சொன்னான்னான். அந்த ஃபிரெண்டோட ஃபில்டர் நீலக் கலரான்னேன். போடா கிழவான்னான்." ஆர்ச்சி சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். "நானேதான் நாலு கேன் குடுத்தேன். எல்லாக் குழாயிலயும் ஓட விட்டு, ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலையில கழுவி விடணும், உப்பெல்லாம் கரைஞ்சு வந்துடும். ஆலிஸ் ஊரைத் தாண்டினதுலேர்ந்து ஷவர்ல தண்ணியே வரலியாம். தொட்டிச் செடிக்கு ஊத்துற மாதிரி அவ கப்புல மொண்டு ஊத்திக்கிறா, பாக்க முடியலடான்னான். அவகிட்ட சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனான். சொன்னா, ஃபில்டர் விஷயத்துல தோத்துட்டதா ஆயிடுமே."

"அம்மா அந்தத் தண்ணியில டீ போட்டிருக்காங்க."

ஆர்ச்சியின் வாய் திறந்தபடியே இருந்தது. "சாக்ஸ் மாட்டலியா அவன்?"

"என்ன சாக்ஸ்?"

"டாங்க்ல வினிகர் ஊறுதுன்னா சமையல் குழாய் மேல ஒரு சாக்ஸ் மாட்டிடணும். யாரும் திறக்கக் கூடாதுன்னு. வண்டியில வாழுற எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரியும்." பிறகு மெதுவாகக் கேட்டார், "அது அவனை ஒண்ணும் பண்ணியிருக்காதே?"

"சிப்ஸுக்கு ஊத்திக்கிற வினிகர்தானே, அங்கிள். இதயம்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அவரையும் கூட்டிக்கொண்டுதான் திரும்பினாள். நோலீன் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தாள். கெரின் எதிரே உட்கார்ந்து, ஆர்ச்சி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தொட்டிச் செடியையும் விடவில்லை.

"சாக்ஸ் இருந்துச்சு" என்றாள் நோலீன்.

ஆர்ச்சி கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சிங்க் குழாயில சாக்ஸைக் காயப்போடுற ஆளை உலகத்துல எங்கயாவது பாத்திருக்கியான்னு திட்டிக்கிட்டே எடுத்துத் துணிக்கூடையில எறிஞ்சேன். அவரு உள்ளேருந்து என்னவோ சொன்னாரு. வாயை மூடிட்டுப் படுங்கன்னேன்." கோப்பையை இழுத்து உள்ளே பார்த்தாள். திரிந்த பால் ஓரங்களில் ஒட்டியிருந்தது. "அப்போ குடிச்சதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சிருக்கும்மா."

"தான் பண்ணினதுதான்னு."

"ஆமா."

"ஃபில்டர் பத்தாதுன்னு அஞ்சு வருஷமா நான் சொன்னேன். ஒரு தடவையாவது ஆமான்னாரா?"

"அதான் ராத்திரி ஒத்துக்கிட்டானே" என்றார் ஆர்ச்சி. "நாலு கேன் வினிகர்."

நோலீன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. ஆர்ச்சி தரையைப் பார்த்தார். கெரின் கிட்டே போகவில்லை; மேஜைக்கு அடியில் காலை நீட்டி, அம்மாவின் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நோலீன் முகத்தைத் துடைத்தாள். "அவரு பாதியில விட்டதை யாராவது முடிங்க" என்றாள்.

ஆர்ச்சி வண்டிக்கு அடியில் படுத்து டாங்கின் அடைப்பைத் திருகினார். வெளுத்த தண்ணீர் சிவப்பு மண்ணில் ஓடி, காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு போட்டது. கெரின் குழாய்முனைகளைக் கழற்றி, அவற்றின் வலைகளைக் கல்லில் தட்டினாள். உள்ளே உப்பு வரிவரியாகப் படிந்திருந்தது, ஒரு வரி மஞ்சள், ஒரு வரி சாம்பல். எந்த வரி எந்த ஊரோ என்று யோசித்தாள். அப்பாவிடம் கேட்டிருந்தால் ஃபில்டரை விட்டுக்கொடுக்காமல் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் காட்டியிருப்பார். அந்த நீல ஃபில்டர் இப்போது அடைத்துக் கிடந்தது. அதன் வழியாகப் புதுத் தண்ணீர் அரை டாங்க் ஏறவே ஒரு மணி நேரம் ஆயிற்று. குழாய்களைத் திறந்துவிட்டார்கள். முதலில் துகள்கள் வந்தன. பிறகு கலங்கல், அப்புறம் காற்று. கடைசியில் ஷவர் ஒரு முறை உதறிக்கொண்டு முழுதாகக் கொட்டியது.

நோலீன் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். பிறகு துண்டை எடுத்தாள்.

"அவங்க வர்றதுக்குள்ள குளிச்சுடறேன். இந்தக் கோலத்துல நின்னுக்கிட்டு அவரை அனுப்ப முடியாது."

திரைக்கு அப்பால் மெர்வின் கால்மாட்டை ஒட்டித்தான் குளியலறை. கதவு சாத்தும் ஓசையும், தண்ணீர் விழும் ஓசையும் கேட்டன.

இரண்டு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. கறுப்புக் கால்சட்டை போட்ட இருவர் இறங்கினார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா குளிக்கிறாங்க" என்றாள் கெரின்.

"குளிக்கட்டும்" என்றார் அவர். இருவரும் மர நிழலுக்கு நகர்ந்தார்கள்.

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இந்த வண்டியில் ஷவருக்கு இரண்டு நிமிடம்தான் சட்டம். அதற்கு மேல் போனால் அப்பா கதவைத் தட்டுவார். விருந்தாளியாக வந்த கெரினுக்கும் தட்டியிருக்கிறார். இப்போது ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. படிக்கட்டில் நின்றபடி அவள் டாங்கின் அளவு விளக்குகளைப் பார்த்தாள். இரண்டு எரிந்தன. பிறகு ஒன்று. அதுவும் சிவப்பாக மாறியது.

வெளியிலிருந்து ஆர்ச்சியும் அந்தச் சிவப்பைப் பார்த்தார். தன் வண்டிக்குப் போனார். யாருக்கும் இரவல் தராத, நாடா போலத் தட்டையான தன் ரப்பர் குழாயைச் சுருளோடு எடுத்துவந்து, ஒரு முனையைப் பூங்காவின் பொதுக் குழாயிலும் மறுமுனையை, ஃபில்டரைத் தவிர்த்து நேராக, மெர்வின் டாங்க் வாயிலும் பொருத்திவிட்டுத் தண்ணீரைத் திறந்தார். நிழலில் நின்ற இருவரும் வழியை விட்டு விலகினார்கள். மண்ணில் தட்டையாகக் கிடந்த குழாய், பொதுக் குழாய்ப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்து, உருண்டு, வண்டியை நோக்கி வந்தது.