முதலாம் நடுவரின் கையெழுத்து

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு யாரும் நடுநிலை எங்கே என்று கேட்கக் கூடாது.

இந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் கரப்பந்தாட்ட நடுவர் ஒன்றியத்தின் கந்தோரில் ஷிஹானா நின்றுகொண்டிருந்தாள். எருக்கலம்பிட்டியில் பாலர் பாடசாலை ஆசிரியை. சனி, ஞாயிறுகளில் நடுவர். லிகிதர் தக்சிகா இரண்டு வருடத்துப் புள்ளித்தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "முதலாம் நடுவரா நீங்கள் ஒரு ஆட்டத்திலயும் நிக்கேல்லையே, அக்கா."

ஒரு ஆட்டத்திலும் இல்லையாம்! பதினொரு ஆட்டத்தில் நின்றவள். அரிப்புத் திடலில் சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்க, கண்ணைக்கூடத் துடைக்காமல் ஐந்து செற்றையும் நடத்தி முடித்தவள்.

முதலாம் தர நடுவர் தேர்வுக்கு விண்ணப்பிப்பதென்றால் பத்து ஆட்டத்திலாவது முதலாம் நடுவராக நின்றிருக்க வேண்டும். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை நாலு மணியோடு முடிகிறது. அடுத்த தேர்வு மூன்று வருடம் கழித்து. வயதெல்லை முப்பத்தைந்து. ஷிஹானாவுக்கு முப்பத்துமூன்று. இந்த முறை இல்லையென்றால் இனி எந்த முறையும் இல்லை.

2.

தொடக்கங்கள்.

"மன்னார்த் தீவின் மேற்கே சூரியன் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த அந்த..."

நிறுத்து. சூரியனுக்கும் இந்த அநியாயத்துக்கும் என்ன சம்பந்தம்? அது தன் பாட்டில் சாயட்டும்.

"தடித்த வயிறும் தங்கப் பல்லுமாக, கதிரை நிறைய உட்கார்ந்திருந்த செயலாளர் சீவரத்தினம், ஏழைப் பெண் ஒருத்தியின் வாழ்க்கையை..."

இது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். பிறகு வெட்டினேன். காரணத்தை நாலாம் பகுதியில் சொல்கிறேன்.

3.

கரப்பந்தாட்டம் தெரியாதவர்களுக்காக: வலையின் ஒரு கரையில், ஏணி வைத்த உயர மேடையில் நிற்பவர் முதலாம் நடுவர். அவர் சொன்னதுதான் முடிவு. எதிர்க் கரையில், தரையில் நிற்பவர் இரண்டாம் நடுவர். ஆட்டம் பார்க்க வந்த சின்னப்பிள்ளைக்கும் யார் பெரியவர் என்று தெரியும். தெரியாதது தாளுக்கு மட்டும்தான்.

ஒவ்வொரு வியாழனும் வட்ஸ்அப்பில் சோடிப் பட்டியல் வரும். யாரோடு யார், எந்த ஊர். ஆட்டத்தின் தரம் பார்த்து, நடுவரின் கண் பார்த்து, காது பார்த்துச் சோடி போடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? சிரிப்பாக இருக்கிறது. மோட்டார் சைக்கிள் உள்ள ஒருவர், இல்லாத ஒருவர். அவ்வளவுதான் சோடி. ஒரு ஆட்டத்துக்கு ஒரு வாகனத்துக்குத்தான் பயணப்படி. மடுவுக்குப் போனாலென்ன, அரிப்புக்குப் போனாலென்ன, ஒரே சட்டம்.

ஷிஹானாவுக்கு இரண்டு வருடமாக ஒரே சோடி. ஆள் ஆண், வாகனம் அவருடையது. அந்நிய ஆணின் பின்னால் ஏறிப் போக அவளுக்கு விருப்பமில்லை. ஊர்ச் சனத்தின் வாயைப் பற்றி அவளிடம் கேட்டால், "சனத்தை விடுங்கோ, எனக்கே ஏலாது" என்பாள். முடிந்தது. ஆகவே எருக்கலம்பிட்டியிலிருந்து ரவுணுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரிப்புக்கு இன்னொரு பஸ், சொந்தக் காசு. பஸ்ஸில் வருபவர் ரிக்கற்றைக் காட்டித்தான் படி எடுக்கலாம், தனியார் பஸ்ஸில் ரிக்கற் தருவதில்லை. ரிக்கற் இல்லாவிட்டால் படியும் இல்லை. அந்த மனிதரோ பின்சீற்றில் காற்றை ஏற்றிக்கொண்டு போய் இறங்குவார், பெற்றோலுக்குப் படி எடுப்பார்.*

(* இரண்டு பெண்களைச் சோடி போட்டால் என்ன? எங்களோடு நடுவராக இருக்கிற முஸ்பிராவிடம் ஸ்கூட்டி இருக்கிறதே? கேட்டோம். "ரெண்டு பொம்பிளையள் மட்டும் போனா ஆர் பெடியளைக் கட்டுப்படுத்துறது?" என்று கூட்டத்தில் பதில் வந்தது. விசில் எதற்கு இருக்கிறது என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

இனித்தான் விஷயம். புள்ளித்தாளில் வாகன இலக்கம் எழுதும் கட்டம், முதலாம் நடுவரின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது. எவன் அச்சிட்டானோ தெரியாது. படி வேண்டுமென்றால் வாகனக்காரர் முதலாம் வரியில் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே எங்களுக்குள் ஒரு வழக்கம்: மேலே நின்று விசில் ஊதியவர் யாராக இருந்தாலும் முதலாம் வரி மோட்டார் சைக்கிளுக்கு. எல்லாரும் செய்வது. ஒருவரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை.

பதினொரு தடவை ஷிஹானா மேடையிலிருந்து இறங்கி, வியர்வையைத் துடைத்துவிட்டு, இரண்டாம் வரியில் கையெழுத்துப் போட்டாள்.

4.

சீவரத்தினத்துக்கு வருகிறேன். வயிறும் இல்லை, தங்கப் பல்லும் இல்லை. பாப்பாமோட்டையில் வயல் செய்கிற, ஈர்க்குப் போன்ற மனிதர். நடுவர்களுக்குத் தேத்தண்ணி வாங்கித் தருவது அவருடைய சொந்தக் காசில். இப்படிப்பட்ட ஆளைக் கெட்டவனாக்கிக் கதை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை அவரிடம் போனேன். வரம்பில் நின்றார்.

"அண்ணை, தாளைப் பாக்காதேங்கோ. மேல நிண்டது ஆரெண்டு ஊரில கேளுங்கோ."

"ஊரைக் கேட்டு மேலிடத்துக்கு அனுப்பேலுமே? எழுத்தில வேணும், லோறன்ஸ். முதலாம் வரியில கையெழுத்துப் போட்டவன், தான் மேல நிக்கேல்லை எண்டு ஒரு ஆறு வரி எழுதித் தரட்டும். அந்த நிமிசமே அந்தப் பிள்ளையின்ர பேரை அனுப்புறன்."

"எழுதினா அந்த ஆளுக்கு என்ன நடக்கும்?"

"பிழையான கையெழுத்துக்கு ரெண்டு வருசம் தடை. சட்டம் அப்பிடி."

"எல்லாரும் செய்யிறதுதானே! நீங்கள்தானே அண்ணை அப்பிடிப் போடச் சொன்னது!"

அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்தார். "நான் வாயால சொன்னனான். நீ கையால போட்டனீ."

5.

ஆம். அந்த மனிதர் நான்தான்.

மூன்றாம் பகுதியில் "அந்த மனிதரோ" என்று எழுதியபோது கை கூசவில்லை, அதுதான் வெட்கம். பதினொரு தாளிலும் முதலாம் வரியில் இருப்பது என் கையெழுத்து. வலைக்கு மேலே விரல் நுனி பட்டதைக்கூட அவள் காண்பாள், நான் காணேன். அதனால்தான் அவளை மேலே ஏறச் சொன்னேன். முதல் தடவை அவள் தாளைப் பார்த்துத் தயங்கியபோது, "ஒண்டும் ஆகாது தங்கச்சி, போடுங்கோ" என்று சொன்னதும் நான்தான்.

இன்னும் கேளுங்கள். அந்தப் பதினொரு ஆட்டமும் என் பெயரில் சேர்ந்ததால், அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் தேசிய இறுதிச் சுற்றுக்கு முதலாம் நடுவராக என்னைத் தெரிவு செய்திருக்கிறார்கள். இருபது வருடமாக நான் காத்திருந்த அழைப்பு. அவளுடைய கண்ணால் எனக்குக் கிடைத்தது.

தூ.

(இந்த ஒரு சொல்லை வெட்டச் சொல்லி மனம் சொல்கிறது. வெட்ட மாட்டேன்.)

6.

முடிவுகள்.

அ) அரிப்பு விளையாட்டுக் கழகத்தார் லொறி பிடித்து வந்து கந்தோரை முற்றுகையிடுகிறார்கள். "எங்கட ஆட்டத்தை நடத்தினது அந்த ரீச்சர்தான்!" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கடலும் வலையும் இருக்கின்றன. என் பிழையைத் திருத்துவது அவர்களுடைய வேலை இல்லை.

ஆ) தக்சிகா பழைய படமொன்றைக் கண்டெடுக்கிறாள். மேடையில் ஷிஹானா, வாயில் விசில். எல்லாம் சரியாகிறது. பொய். படம் எல்லார் கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. சட்டம் தாளைத்தான் பார்க்கும்.

இ) ஷிஹானா ஒரு பெருமூச்சோடு கடலைப் பார்த்தபடி...

அவள் அப்படிப் பார்க்கிற ஆளே இல்லை.

7.

வியாழன் மத்தியானம், பாலர் பாடசாலை விட்ட பிறகு, இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். சின்னப்பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் முகவாயில் முட்ட உட்கார்ந்திருந்தேன். அவள் நின்றபடியே கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள், அண்ணா. ஷிஹானா ஆர்?"

"உங்கட பேரைப் போட்டா உங்களுக்குப் பிரச்சினை வருமெண்டு..."

"லோறன்ஸ் ஆர்?"

நான் குட்டிக் கதிரையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.

"எனக்குப் பிரச்சினை வருமெண்டு என்ர பேரை மாத்தினீங்கள். சரி. உங்கட பேரை ஆருக்காக மாத்தினீங்கள்?"

"கதையெண்டா அப்பிடித்தான் தங்கச்சி..."

"எனக்குக் கதை வேணாம்." அப்போதுதான் அவளுடைய குரல் உயர்ந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. "நான் ரெண்டு பஸ் ஏறி வந்தனான். வெயிலுக்குள்ள நிண்டனான். உங்களுக்குப் பெற்றோல் காசு வரட்டுமெண்டு கீழ கையெழுத்து வச்சனான். செயலாளர் உங்களிட்டக் கேட்டது ஆறு வரி. ரெண்டு நாளா நீங்கள் எழுதினது பதினாறு பக்கம். இதை ஆர் வாசிச்சு என்ர பேரை அனுப்பப் போறது?"

தாள்களை ஒழுங்காக அடுக்கி என் மடியில் வைத்துவிட்டு, சிதறிக் கிடந்த பிள்ளைகளின் செருப்புகளைச் சோடி சேர்க்கத் தொடங்கினாள்.

8.

வெள்ளிக்கிழமை. மூன்று மணி ஐந்து. பேசாலையில் என் வீடு. கந்தோருக்கு அரை மணித்தியால ஓட்டம்.

முடிவை வாசகரிடம் விடுகிறேன் என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்படிப்பட்ட கதைகளில் அது வழக்கம். வாசகர் கெட்டிக்காரர் என்று முதுகில் தட்டிவிட்டு எழுத்தாளர் நழுவிவிடலாம். ஆனால் உங்களிடம் விட்டு என்ன பயன்? அந்தத் தாள்களில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லையே.

வேறு தாள் எடுத்தேன்.

"செயலாளர் அவர்களுக்கு,
கீழே திகதியிட்ட பதினொரு ஆட்டங்களிலும் முதலாம் நடுவர் என்று கையெழுத்திட்டவன் நான். அவை ஒன்றிலும் முதலாம் நடுவராக நின்றவன் நான் அல்ல. நின்றவர்..."

அந்த இடத்தில் அவளுடைய பெயரை எழுதினேன். உண்மைப் பெயர். கீழே என்னுடையதும், உண்மைப் பெயர். இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை, கந்தோருக்குத்தான் தேவை. எண்ணிப் பார்த்தால் ஆறு வரிகூட வரவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேனா என்று இங்கே எழுத மாட்டேன். கொடுத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நானும் நம்பிவிடுவேன், பிறகு கதிரையை விட்டு எழும்ப மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

மூன்று இருபது. பேனையை மூடுகிறேன்.