ரிவர்ஸ் போடக் கூடாது

நாலாவது போல்ட் அசையவில்லை. காருக்கு அடியில் சாக்கு விரித்து மல்லாந்து கிடந்த சின்னவள், ஒரு கையால் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுத்தியலைத் துழாவினாள். தலைமாட்டில் செருப்புகள் வந்து தயங்கின. துக்கம் கேட்க வந்தவர்கள் சுவரோரமாக ஒருக்களித்து, காரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

"அப்பன் அங்க கிடக்கான். இவ இங்க கிடக்கா" என்று அத்தை யாரிடமோ சொன்னாள். எல்லோருக்கும் கேட்கும்படித்தான் சொன்னாள்.

முன்னறையில் அப்பா கிடந்தார். நாலு மணிக்கு வேன் வரும். அது வாசற்படிவரை வந்தாக வேண்டும். ஆனால் கார் ஷெட்டிலிருந்து நாலடி வெளியே வந்து, பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. கியர் நியூட்ரலில் இருந்தது. பிரேக் விட்டிருந்தது. ஐந்து ஆம்பிளைகள் தள்ளியும் பின்சக்கரங்கள் நட்டுவைத்த மாதிரி நின்றன. டெப்போவில் பஸ்களைப் பிரித்துப் பூட்டுகிறவள் என்பதால் அவளைக் கூப்பிட்டார்கள். வேலை உடுப்போடு வந்தவள் அதைக்கூட மாற்றவில்லை.

போல்ட் கிறீச்சிட்டு விட்டுக்கொடுத்தது. சக்கரங்களுக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றி ஓரமாகக் கிடத்தினாள். இனி தள்ளினால் போகும். அவளுடைய வேலை முடிந்துவிட்டது.

ஆனால் எழுந்திருக்கவில்லை. சக்கரம் ஏன் இறுகியது?

கியர்ப்பெட்டிக்குப் பின்னால் ஓவர்டிரைவ் தொங்கியது. டாப் கியருக்கும் மேலே இன்னொரு கியர். நெடுஞ்சாலையில் சுவிட்சைத் தட்டினால் இன்ஜின் சத்தம் தணிந்து, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இந்தத் தெருவில் யாரிடமும் இல்லாத சங்கதி என்பதில் அப்பாவுக்குத் தலைகால் புரியாத பெருமை. மூன்று வாரமாக அது மாட்டிக்கொண்டிருந்தது. விழுந்த கியர் விடவில்லை. தினமும் போனில் அவளுக்கு அறிக்கை வரும். "சுவிட்சு நல்லா இருக்கு. ரிலே நல்லா இருக்கு. எண்ணெய் மட்டம் சரி. காது வச்சுக் கேட்டேன், டக்குன்னு சத்தமும் வருது. ஆனா விட மாட்டேங்குது."

"மரச் சுத்தியலால உறைமேல நாலு தட்டு தட்டுங்கப்பா."

"தட்டலாம். அவசரம் என்ன? ரிவர்ஸ் போடாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது."

அது மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் போட்டால் உள்ளே நொறுங்கிவிடும். அதனால் மூன்று வாரமாக இன்ஜினைத் தொடவே இல்லை. வெயில் காட்ட வேண்டுமென்றாலும் பக்கத்து வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டு, பின்னால் தள்ளித்தான் வெளியே எடுப்பார்.

அவள் கிண்ணத்தை வைத்து அடி மூடியைத் திருகினாள். எண்ணெய் கொட்டியது. மூடியோடு வந்த வலைச்சல்லடையில் இரும்புச் சில்லுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்தாள். உடைந்த ஓரம் வெள்ளி மாதிரி மின்னியது. பழைய உடைசல் என்றால் கறுத்திருக்கும். இது இன்று உடைந்தது. சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பா உயிரே போனாலும் ரிவர்ஸ் போட மாட்டார். வேறு யாரோ காரை எடுத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தாள். அண்ணன் கேட் பக்கமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். நல்ல உயரம். வெள்ளைச் சட்டை. முழங்கையில் கிரீஸ் கறை.

"என்ன ஸ்பேனர், முடிஞ்சுதா?" அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"காலைல எத்தனை மணிக்கு வந்தே?"

"பத்தரைக்கு. அம்மா போன் பண்ணினதும் கிளம்பிட்டேன்."

"இந்தக் கறை ஏது?"

கையைத் திருப்பிப் பார்த்தான். "தள்ளினோம்ல? ஏன், என்ன விஷயம்?"

"போன வாரம் நீ கூட்டிட்டு வந்த ஒருத்தர் காரை விலைக்குப் பார்த்துட்டுப் போனாராமே. அப்பா சொன்னாரு."

அவன் முகம் மாறியது. "வந்தாரு. பார்த்தாரு. அப்பா கத்தினாரு, போயிட்டாரு. அத இன்னைக்குப் பேசணுமா?" குரலைத் தணித்தான். "என்னை என்ன விசாரிக்கிறியா நீ?"

அண்ணன் கார் எடுக்க வந்திருக்கிறான். அப்பா மறித்திருக்கிறார். கத்தியிருக்கிறார். நினைக்க நினைக்க எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த தையல்காரரிடம் போனாள்.

"அண்ணே, அப்பாவைக் கார்லேர்ந்து நீங்கதானே தூக்கினீங்க?"

"நானும் என் மச்சானும். பத்தே காலுக்கு உங்கம்மா கூப்பிட்டாங்க. ஓடி வந்தோம். அதுக்குள்ள…" நிறுத்தினார். "ஒம்பதே முக்காலுக்கே இன்ஜின் சத்தம் கேட்டுச்சும்மா. உறுமிட்டு நின்னுபோச்சு. சாரு வண்டிய ரெடி பண்ணிட்டாரு போலன்னு சந்தோஷப்பட்டேன். அளவு எடுத்துட்டிருந்தேன், எட்டிப் பார்க்கல."

"ஸ்டியரிங்ல சாஞ்சிருந்தாருன்னு அம்மா சொன்னாங்க."

"ஸ்டியரிங்லயா? இல்லியே. இந்தப் பக்கத்துச் சீட்டுல இருந்தாரு. கதவத் திறந்ததும் என் தோள்மேலயே விழுந்தாரு."

அரை மணி நேரம். பக்கத்துச் சீட். அப்படியானால் அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். யாருக்காகச் சொல்வாள்? மூத்த பிள்ளைக்காகத்தான். சின்ன வயதில் அவன் உடைத்த கண்ணாடியெல்லாம் காற்றில் உடைந்ததாகச் சொன்னவள்.

அம்மா சமையலறை ஜன்னலில் நின்றாள். யாரோ கொடுத்த தம்ளர் கையில் அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அண்ணன் காலைல எப்ப வந்தான்?"

"பத்தரை இருக்கும்."

"உண்மையச் சொல்லும்மா."

"அவன் பத்தரைக்குத்தான்டி வந்தான்." அம்மா திரும்பவில்லை. "ஏன் நகரலையாம் அது?"

"பார்த்துட்டிருக்கேன்."

மூன்றே முக்கால். கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றுவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் இறங்கி நின்றார். ஐந்து பேரும் காருக்குப் பின்னால் போய்க் கை வைத்தார்கள்.

"நான் ஸ்டியரிங் புடிக்கிறேன்" என்று அண்ணன் வந்தான்.

"இரு" என்றாள். அவனை விட மனமில்லை. இன்று மாலை, எல்லாம் முடிந்ததும், எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அதன் பிறகு அவனுடன் பேச்சு கிடையாது. கதவைத் திறந்து உள்ளே நுழைந்தாள்.

நுழைய முடியவில்லை.

முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட் முன்னால், கடைசிப் பல்வரை இழுத்துக் கிடந்தது. அவளாலேயே மடக்கிக்கொண்டுதான் உட்கார முடிந்தது. அண்ணன் இந்த இடத்தில் நுழையவே முடியாது.

இந்த வீட்டில் இந்தச் சீட்டில் இப்படி உட்காரக்கூடியவள் ஒருத்திதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்பா அவளுக்கு இதே காரில் பத்து நாள் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். பத்தாம் நாள் ரிவர்ஸில் போய்க் கேட்டுத் தூணை இடித்தாள். சிமென்ட் பெயர்ந்த அந்தத் தூணுக்கு வீட்டில் 'அம்மாவோட லைசென்ஸ்' என்று பெயர். விருந்தாளி யார் வந்தாலும் அப்பா காட்டுவார். அம்மாவும் சிரிப்பாள். அதன் பிறகு அவள் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

டாஷ்போர்டில் அப்பா ஒட்டியிருந்த துண்டுச்சீட்டு அப்படியே இருந்தது. பென்சிலில், பொடி எழுத்து. 'ஓ.டி. மாட்டியிருக்கு. ரிவர்ஸ் போடக் கூடாது.' கண்ணாடி இல்லாமல் அம்மாவால் அதைப் படிக்க முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பக்கத்தில் ஏற்றியிருந்த அப்பாவால் படித்துச் சொல்லியிருக்க முடிந்ததா என்று அவள் யோசித்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்தினாள்.

"என்ன ஸ்பேனர், ஏறிட்டியா, தள்ளலாமா?"

"ஒரு நிமிஷம்ணா."

துண்டுச்சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் திணித்தாள். அங்கே இருந்த இரும்புச் சில்லு விரலில் குத்தியது. இடது கையால் இருக்கைக்கு அடியில் இருந்த நெம்புகோலைத் தூக்கி, கால்களை ஊன்றிப் பின்னால் தள்ளினாள். தண்டவாளத்தில் டக், டக், டக் என்று பல் பல்லாக விழுந்து, கடைசியில் போய் நின்றது. நிமிர்ந்தபோது ஜன்னலில் அம்மா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கினாள். "நீயே புடி. நான் தள்ளுறேன்."

அண்ணன் ஏறி உட்கார்ந்தான். காலை நீட்டினான். ஸ்டியரிங்மேல் இரண்டு கையையும் வைத்தான்.

"சீட்டு அப்பா வச்ச மாதிரியே இருக்கு" என்றான்.

"ம். நேராப் புடி."

தள்ளினார்கள். கார் முனகாமல் நாலடி போய் ஷெட்டுக்குள் நின்றது.

அம்மா படியிறங்கி வந்திருந்தாள். காலில் செருப்பு இல்லை.

"என்னடி ஆச்சு அதுக்கு?"

"பழைய உடைசல்மா. எப்பவோ உள்ளே விட்டுப்போயிருக்கு. அப்பாவே எடுத்திருந்தாலும் நகர்ந்திருக்காது."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். "அந்தத் துண்டுச்சீட்டுல என்ன எழுதியிருந்தாரு?"

"எண்ணெய் மாத்தணும்னு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தலையாட்டிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தாள். இரண்டு கதவையும் அகலத் திறந்து, ஒன்றுக்குக் கல்லை நகர்த்தி அண்டை கொடுத்தாள். பிறகு ஒதுங்கி, பெயர்ந்த தூணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வேன் திரும்பி, ரிவர்ஸில் உள்ளே வந்தது. பீப், பீப் என்று சத்தம். டிரைவர் கண்ணாடியைப் பார்த்து, "அம்மா, இடிக்குமா?" என்று கேட்டார்.

"இடிக்காது. வாங்க" என்றாள் அம்மா. "வாங்க. இன்னும் வாங்க."

வேன் நின்று, சத்தம் அடங்கிய பிறகும் அவள் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.